ஹார்பின் நகரத்து வெள்ளைப் பாஷாணம்

1970களின் தொடக்கத்தில் சீனாவின் வடகிழக்கு மூலையில், ஹார்பின் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் முதல் இணைப்பு மருத்துவமனையில் ஓர் ஊசி மருந்து தயாரானது. ஒரு மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் ஆர்செனிக் டிரையாக்சைடு. அதாவது வெள்ளைப் பாஷாணம். பழைய கதைகளில் பாலில் கலந்து கொடுப்பார்களே, அதே சரக்கு. கூடவே இம்மியளவு பாதரசக் குளோரைடு. இதை இரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் உடலில் செலுத்தினார்கள். அந்த ஊசியின் வாரிசு இன்று ஒரு குறிப்பிட்ட வகை இரத்தப் புற்றுநோய்க்கு உலகம் முழுக்க முதல் வரிசை மருந்து.

சீன மருத்துவத்தில் இயற்கைக்கு என்ன பங்கு என்று கேட்டால் பெரும்பாலும் ஐந்து மூலகங்களின் வட்டப்படம் ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு அந்தப் படத்தைவிட ஹார்பின் கதைதான் சரியான பதிலாகத் தெரிகிறது. இங்கே படம் அதிகம் உதவவில்லை. கல்லும் தீயும் நீரும், அவற்றைக் கையாளத் தெரிந்த கைகளும்தான் உதவின.

ஐந்தின் கணக்கு

முதலில் அந்த வட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நமக்கு நிலம், நீர், தீ, வளி, வான். அவர்களுக்கு மரம், தீ, மண், உலோகம், நீர். காற்றும் வானமும் கணக்கிலேயே இல்லை. ஐந்து என்ற எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று பலர் எழுதிவிடுகிறார்கள், ஒன்றல்ல. நம் பூதங்கள் உலகம் எதனால் ஆனது என்பதைச் சொல்பவை. அவர்கள் சொல் 'வூசிங்'. அதில் 'சிங்' என்றால் நடப்பது, செல்வது. மரம் தீயை வளர்க்கும், தீயின் சாம்பல் மண்ணாகும், மண்ணிலிருந்து உலோகம் வரும், உலோகத்திலிருந்து நீர், நீரிலிருந்து மறுபடி மரம். எது எதை வளர்க்கிறது, எது எதை அடக்குகிறது என்ற ஓட்டத்தின் கணக்கு அது. கல்லீரலுக்கு மரம், இதயத்துக்குத் தீ, நுரையீரலுக்கு உலோகம், சிறுநீரகத்துக்கு நீர், மண்ணீரலுக்கு மண் என்று உறுப்புகளையும் இதில் பொருத்தியிருக்கிறார்கள். (மண்ணீரல் என்ற நம் சொல்லுக்குள்ளேயே மண் இருப்பது தற்செயல்தான். இருந்தாலும் ரசிக்கலாம்.)

இந்தக் கணக்கோடு கூடவே இன்னொரு பழக்கமும் சீன மருத்துவத்தில் உண்டு. அதுதான் நம் கதைக்கு வேண்டியது. 1596-இல் அச்சாகி வந்த லீ ஷிஜென்னின் பெரிய மருந்துப் பொருள் தொகுப்பில் 1,892 சரக்குகள், 16 பிரிவுகள். முதல் பிரிவு மூலிகை என்றுதான் யாரும் நினைப்போம். இல்லை. முதலில் நீர், 43 வகை. அப்புறம் தீ, 11 வகை. அப்புறம் மண், 61 வகை. அப்புறம் உலோகமும் கல்லும். அதன் பிறகே புல்பூண்டு. மழைநீர், பனிநீர் எல்லாம் தனித்தனிச் சரக்குகள். நாள்பட எரிந்த அடுப்பின் அடிமண் ஒரு மருந்து. மருந்து காய்ச்ச முசுக்கட்டை விறகுத் தீ வேறு, கரித் தீ வேறு. தத்துவத்தில் ஓட்டமாக இருந்த நீரும் தீயும் இங்கே கையில் பிடிக்கிற பொருளாக, வேலை செய்கிற கருவியாக இருக்கின்றன.

கல்

மனோசிலை என்பது ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த செம்மஞ்சள் கல். அதன் உடன்பிறப்பு அரிதாரம். அதுவும் அதே இரண்டும் வேறு விகிதத்தில் சேர்ந்தது, நல்ல பொன்மஞ்சள். கூத்துக்காரர் முகத்தில் பூசியது இதைத்தான். அதனால்தான் இன்றைக்கும் எந்த ஒப்பனையையும் 'அரிதாரம் பூசுதல்' என்கிறோம். நம் சித்த மருத்துவத்தில் இவை பாஷாண வகை. பாஷாணம் மொத்தம் 64. அதில் இயற்கையில் கிடைக்கும் பிறவி 32, செய்து எடுக்கும் வைப்பு 32 என்று கணக்கு.

சீனத்தில் மனோசிலைக்கு 'ஆண் மஞ்சள்' என்று பெயர், அரிதாரத்துக்குப் 'பெண் மஞ்சள்'. ஒரே மலையின் வெயில் படும் பக்கத்தில் ஆணும் நிழல் பக்கத்தில் பெண்ணும் விளைவதாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. 365 மருந்துகளை மேல், நடு, கீழ் என்று தரம் பிரித்த மிகப் பழைய தொகுப்பில் மனோசிலை நடுத்தரத்தில் இருக்கிறது. ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் நடக்கும் டிராகன் படகுத் திருவிழாவில் மனோசிலை கலந்த மதுவைக் குடிப்பதும், பிள்ளைகளின் நெற்றியில் அதைக் குழைத்துத் தீட்டுவதும் வழக்கம். பூச்சி, பாம்பு, நோய் எதுவும் அண்டாது என்ற நம்பிக்கை. பெண் உருவில் வந்து மனிதனை மணந்த வெள்ளைப் பாம்பு, இந்த மதுவைக் குடித்ததும் தன் பாம்பு உருவத்துக்குத் திரும்பிவிட்டதாக ஒரு கதை சீனாவில் எல்லோருக்கும் தெரியும்.

கல் அப்படியே இருக்கும்வரை அவ்வளவு ஆபத்தில்லை. நீரில் கரையாது, குடலில் அதிகம் உறிஞ்சப்படாது. தீ பட்டால் கதை மாறிவிடும். 'மனோசிலை தீயைக் கண்டால் வெள்ளைப் பாஷாணமாய் நஞ்சாகும்' என்பது சீன மருந்துக்காரர்களின் வாய்மொழி. இதை இன்றைய வேதியியல் ஒரு சொல் மாற்றாமல் ஏற்றுக்கொள்ளும். காற்றில் சூடாக்கினால் கல்லிலுள்ள கந்தகம் புகையாகப் போய்விடும். ஆர்செனிக் ஆக்சிஜனோடு சேர்ந்து வெள்ளைப் பாஷாணமாகப் படியும். இது ஓரளவு கரையும், குடலில் உறிஞ்சப்படும், ஆளைக் கொல்லும்.

ஆகவே மனோசிலையைச் சுத்தி செய்ய அவர்கள் தீயைத் தொடாமல் நீரை எடுத்தார்கள். அந்த முறைக்கு 'நீரில் பறக்கவிடுதல்' என்று பெயர். கல்லை நீர்விட்டு அரைப்பார்கள். மேலே மிதக்கும் நுண்ணிய கலங்கலை மட்டும் இன்னொரு பாத்திரத்தில் வடிப்பார்கள். அடியில் தங்கியதை மறுபடி அரைப்பார்கள். வடித்த கலங்கல் தெளிந்ததும் மேல்நீரைக் கொட்டிவிட்டு, அடியில் படிந்த பொடியை உலர்த்துவார்கள். பொடி நைசாக வரும் என்பது கண்ணுக்குத் தெரியும் பலன். கண்ணுக்குத் தெரியாத பலன், கல்லில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பாஷாணம் கரைந்து அந்த மேல்நீரோடு போய்விடுவது. ஆர்செனிக் என்ற தனிமத்தின் பெயரே கேள்விப்படாதவர்கள், அதன் ஆபத்தான பாதியைத் தண்ணீரில் கழுவி எறிந்திருக்கிறார்கள். 'இயற்கை மூலகங்களின் பங்கு' என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்: எந்த இடத்தில் தீ கூடாது, எந்த இடத்தில் நீர் வேண்டும் என்ற இந்தக் கைப்பழக்கத்தை.

மூன்றில் ஒன்று

சரி, ஹார்பினுக்கு வருவோம்.

அது கலாசாரப் புரட்சிக் காலம். நகரத்து மருத்துவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிய காலம். நாட்டு மருந்துகளைத் தேடிச் சேகரிக்கச் சொன்ன காலமும்கூட. ஹெய்லோங்சியாங் மாகாணத்தில் லின்தியன் பகுதிக் கிராமம் ஒன்றில், நாட்டு வைத்தியர் ஒருவர் புற்றுக்கும் கழுத்துக் கட்டிகளுக்கும் மருந்து தருகிறார், கேட்கிறது என்று செய்தி வந்தது. அவர் கலவையில் மூன்றே சரக்கு. ஒன்று வெள்ளைப் பாஷாணம். இரண்டு, பாதரசத்திலிருந்து செய்யும் பூரம். மூன்று, தேரையின் சுரப்பிப் பாலைக் காயவைத்தது. இயற்கை மருந்து என்றதும் நமக்கு இலையும் வேரும்தான் நினைவுக்கு வரும். இதில் ஓர் இலைகூட இல்லை. மூன்றும் நஞ்சு. நஞ்சை நஞ்சால் அடிப்பது என்ற பழைய சீன மருத்துவ வழி அது.

மருத்துவமனையில் மருந்தாளராக இருந்த ஹான் தாய்யுன் இதை ஊசி மருந்தாக மாற்றினார். பலவகைப் புற்றுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். சிலருக்குக் கேட்டது; கூடவே தொல்லைகளும் வந்தன. இந்த இடத்தில்தான் ஜாங் திங்தோங் வருகிறார். மேலை மருத்துவம் படித்து, பிறகு சீன மருத்துவமும் முறையாகக் கற்று, அந்த மருத்துவமனையின் சீன மருத்துவப் பிரிவில் இருந்தவர். அவரும் குழுவும் செய்த காரியம் கேட்பதற்கு மிகச் சாதாரணமானது. மூன்றையும் பிரித்துப் பார்த்தார்கள்.

தேரைப் பாலால் இரத்த அழுத்தம் ஏறியது, தலைவலி வந்தது. பாதரசத்தால் சிறுநீரில் புரதம் போனது. சிறுநீரகம் கெடுவதன் அடையாளம் அது. இரண்டையும் எடுத்துவிட்டுப் பார்த்தாலும் நோய் தணிந்தது. அப்படியானால் வேலை செய்வது ஆர்செனிக் மட்டும்தான். 1973-இல் அவர்கள் வெளியிட்ட முதல் அறிக்கையில் நாள்பட்ட மைலாய்டு வகை இரத்தப் புற்றுநோயாளிகள் 6 பேர் இருந்தார்கள். மருந்துக்கு 'ஏய்லிங்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கலவையைப் பிரிப்பது மரபு வைத்தியர்கள் பலருக்குப் பிடிக்காத வேலை. 'சேர்ந்தால்தான் குணம், தனியாக எடுத்தால் உயிர் போய்விடும்' என்பார்கள். அந்த வாதத்தில் உண்மை இருக்கும் இடம் உண்டு. பின்னால் அதையும் பார்க்கப் போகிறோம். ஆனால் ஹார்பினில் பிரிக்காமல் விட்டிருந்தால் பாதரசம் சிறுநீரகத்தைத் தின்றிருக்கும், மருந்தின் பெயரே கெட்டிருக்கும்.

எந்தப் புற்று?

பிரித்தது ஒரு வடிகட்டல் என்றால், அடுத்த வடிகட்டல் நோயில் நடந்தது. இரத்தப் புற்றுநோய் என்பது ஒன்றல்ல, ஒரு கூட்டம். 1979 அறிக்கையில் கடும் மைலாய்டு வகையினர் 55 பேர். அதில் முழுத் தணிவு பெற்றவர்கள் 12 பேர். அதாவது இரத்தத்திலும் மஜ்ஜையிலும் நோயின் தடயம் கண்ணுக்குத் தெரியாமல் போனவர்கள். ஐந்தில் ஒருவர்தான். அன்றைய நிலைக்கு மோசமில்லை, பெரிதாகக் கொண்டாடவும் ஒன்றுமில்லை. ஆனால் தொடர்ந்து கவனித்துக்கொண்டே வந்ததில் ஒரு துணைவகைக்கு மட்டும் மருந்து மிக நன்றாகக் கேட்பது தெரிந்தது. அதன் பெயர் அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகேமியா. சுருக்கமாக ஏ.பி.எல்.

இந்த நோயில் ஒருவகை வெள்ளணு வளர வளர நடுவில் ஒரு படியில் நின்றுபோகிறது. எட்டாம் வகுப்பிலேயே வருடக் கணக்காக உட்கார்ந்துவிட்ட பிள்ளையைப் போல. மேலே போகாது, வெளியேயும் போகாது, கூட்டம் மட்டும் பெருகிக்கொண்டே இருக்கும். இந்த அணுக்கள் இரத்தம் உறையும் ஏற்பாட்டையும் குலைத்துவிடும். அதனால் மூளையிலோ நுரையீரலிலோ இரத்தம் கசிந்து சில நாட்களிலேயே ஆள் போய்விடுவார். இரத்தப் புற்றுகளில் மிக வேகமாகக் கொல்லும் வகைகளில் ஒன்று என்று பெயர் வாங்கியிருந்தது.

1992-இல் ஹார்பின் குழு ஏ.பி.எல். நோயாளிகள் 32 பேரைப் பற்றி எழுதியது. முழுத் தணிவு பெற்றவர்கள் 21 பேர். 1996-இல் 72 பேர். புதிதாக நோய் கண்டவர்களில் ஏறத்தாழ 73 சதவீதத்தினருக்கும், ஒருமுறை தணிந்து திரும்ப நோய் வந்தவர்களில் பாதிப் பேருக்கும் மேல் கேட்டது. இவை எல்லாம் சீன மொழி இதழ்களில் வந்தவை. வெளியே யாரும் படிக்கவில்லை.

ஷாங்காய்

அதே காலத்தில் ஷாங்காயின் ருய்ஜின் மருத்துவமனையில் வாங் ஜென்யி என்ற மருத்துவர் இதே நோயை வேறு வழியில் பிடித்திருந்தார். உயிர்ச்சத்து ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலத்தின் ஒரு வடிவத்தை மாத்திரையாகக் கொடுத்தார். நின்றுபோன அணுக்களைக் கொல்லாமல், மேற்கொண்டு வளர வைத்து, தம் ஆயுளை முடித்துக்கொள்ளச் செய்யும் மருந்து அது. 1988-இல் வெளியான முடிவில் 24 பேரில் 23 பேருக்கு அந்த மாத்திரை மட்டுமே போதுமானதாக இருந்தது. ஆனால் பலருக்கு நோய் திரும்பி வந்தது. திரும்பி வந்தபின் மாத்திரை கேட்கவில்லை.

அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு என்ன செய்வது என்று தேடும்போதுதான் ஷாங்காய் குழுவின் கண் ஹார்பின் பக்கம் போனது. வாங் ஜென்யியின் மாணவர் சென் சூவும் மற்றவர்களும் ஹார்பின் மருத்துவர்களோடு சேர்ந்தார்கள். 1997-இல் வந்த முடிவு: நோய் திரும்பிய 15 பேரில் 14 பேருக்கு முழுத் தணிவு. அடுத்த ஆண்டே நியூயார்க்கில் 12 பேரில் 11 பேர். 2000 செப்டம்பரில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அனுமதி கொடுத்துவிட்டது. 2013-இல் ஐரோப்பியக் குழு ஒன்று ரெட்டினாயிக் அமிலத்தையும் ஆர்செனிக்கையும் சேர்த்துக் கொடுத்து, வழக்கமான கீமோவோடு ஒப்பிட்டது. மிக அதிக ஆபத்து இல்லாத நோயாளிகளில், இரண்டு ஆண்டுகள் எந்தச் சிக்கலும் இல்லாமல் இருந்தவர்கள் கீமோ பக்கம் 86 சதவீதம்; ஆர்செனிக் பக்கம் 97 சதவீதம். கீமோவே இல்லாமல் ஒரு கடும் இரத்தப் புற்றைக் குணமாக்கலாம் என்று ஆனது. ஜாங் திங்தோங்குக்கும் வாங் ஜென்யிக்கும் 2020-இல் சீனாவின் ஃபியூச்சர் சயன்ஸ் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள்.

ஏன் இந்த ஒரு நோய்க்கு மட்டும்? ஏ.பி.எல். அணுவில் 15-ஆம் குரோமோசோமும் 17-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்கின்றன. அதனால் இரண்டு மரபணுக்கள் ஒட்டிப்போய் இயற்கையில் இல்லாத ஒரு புரதம் உருவாகிறது. அணு வளரவிடாமல் கதவை அடைப்பது அதுதான். ரெட்டினாயிக் அமிலம் அந்தப் புரதத்தின் ஒரு பாதியைப் பிடிக்கிறது; ஆர்செனிக் மறு பாதியை. பிடித்த இடம் என்ன தெரியுமா? அந்தப் பாதியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் இருக்கின்றன. சிஸ்டீனில் கந்தகம் இருக்கிறது. ஆர்செனிக் அந்தக் கந்தகத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே அணு அந்தப் புரதத்தைக் குப்பை என்று அடையாளமிட்டு அழித்துவிடுகிறது. 2010-இல் சென் சூ குழுவினர் இதை விளக்கமாகக் காட்டினார்கள். மலைக்குள் மனோசிலையாக இருந்தபோது ஆர்செனிக் கட்டிப்பிடித்திருந்ததும் கந்தகத்தைத்தான். தீயில் பிரிந்து, ஊசி வழியே உடலுக்குள் போய், மறுபடி கந்தகத்தைத் தேடிப் பிடித்திருக்கிறது.

வட்டப்படம் சொன்னதா?

இப்போது அந்த ஐந்தின் கணக்கை எடுத்து இந்த நிகழ்வின்மேல் வைத்துப் பார்க்கிறேன். சீன மருந்து நூல்களில் மனோசிலை காரச் சுவை, வெப்ப குணம், நஞ்சு; போகும் தடங்கள் கல்லீரலும் பெருங்குடலும். அதாவது மரமும் உலோகமும். நோய் இருக்கும் இடமோ எலும்பு மஜ்ஜை. அவர்கள் கணக்கில் எலும்புக்கும் மஜ்ஜைக்கும் தலைவர் சிறுநீரகம், மூலகம் நீர். படத்தைப் பார்த்து மருந்து தேர்ந்தெடுத்திருந்தால் யாரும் இந்த நோய்க்கு இந்தக் கல்லை நோக்கி வந்திருக்க மாட்டார்கள். கிராமத்து வைத்தியரும் படத்தைப் பார்த்து வரவில்லை. நஞ்சுக்கு நஞ்சு என்ற நாட்டு அறிவில்தான் வந்தார்.

மரபு இங்கே கொடுத்தது மூன்று விஷயம் என்று நினைக்கிறேன். ஒன்று, பொருள். இரண்டு, அதைத் தீயிலும் நீரிலும் கையாளும் பழக்கம். மூன்றாவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்: நஞ்சு என்று தெரிந்தும் அளவோடு மனிதருக்குக் கொடுக்கலாம் என்ற துணிச்சல். 1970களில் வேறு எந்த ஊர் மருத்துவமனையிலும் பாஷாணத்தை நரம்பில் ஏற்றப்போகிறேன் என்று ஒருவர் சொல்லியிருந்தால் கதவைக் காட்டியிருப்பார்கள்.

அதற்காக இது சீனர்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியம் என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் தாமஸ் ஃபவுலர் 1786-இலேயே ஆர்செனிக் கரைசல் ஒன்றைக் காய்ச்சலுக்கு எழுதினார். 19-ஆம் நூற்றாண்டில் அதே கரைசலை ஐரோப்பிய மருத்துவர்கள் நாள்பட்ட இரத்தப் புற்றுக்குக் கொடுத்து, வீங்கிய மண்ணீரல் சுருங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். கதிர்வீச்சும் புது மருந்துகளும் வந்தபின் மறந்துவிட்டார்கள். மேற்கில் அறுந்துபோன நூல் சீனக் கிராமத்தில் அறாமல் இருந்தது.

வேலூர்

நமக்கு இதில் நேரான பங்கு ஒன்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் விக்ரம் மேத்யூஸும் குழுவினரும் 1998 முதல், புதிதாக ஏ.பி.எல். கண்ட நோயாளிகளுக்கு ஆர்செனிக்கையே முதன்மை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ரெட்டினாயிக் அமிலமும் வழக்கமான கீமோவும் ஏழை நோயாளிக்குக் கட்டுபடியாகாது. கீமோ கொடுத்தால் வரும் தொற்றுகளைச் சமாளிக்கும் செலவு இன்னும் பெரிது. 2006-இல் வெளியிட்ட கணக்கில் 72 பேர். முழுத் தணிவு 86 சதவீதத்தினருக்கு. உலகம் ஆர்செனிக்கை, மற்றதெல்லாம் தோற்றபின் எடுக்கும் மருந்தாக வைத்திருந்த நேரத்தில், காசு இல்லாத காரணத்தாலேயே வேலூர் அதை முதல் மருந்தாக வைத்துப் பார்த்தது. பின்னால் உலகமும் அந்தப் பக்கமே வந்தது.

இதைப் படித்துவிட்டு, சித்தர்கள் பாஷாணத்தை அன்றே சொன்னார்கள், வாங்கிச் சாப்பிடுங்கள் என்று யாராவது வாட்ஸாப்பில் கிளம்பினால் கிட்டே போகாதீர்கள். மருத்துவமனையில் கொடுக்கும் அளவு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.15 மில்லிகிராம். அந்த அளவிலேயே இதயத் துடிப்பின் மின்தாளம் நீளலாம், கல்லீரல் நொதிகள் ஏறலாம். வளர்ந்த அணுக்கள் ஒரேயடியாக வெளியே வந்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறலாம். அதனால்தான் இ.சி.ஜி. எடுத்துக்கொண்டே கொடுக்கிறார்கள். அளவும் கண்காணிப்பும் இல்லாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு சிங்கப்பூரில் சான்று இருக்கிறது. ஆஸ்துமாவுக்கென்று விற்ற சீன மருந்துகளில் ஆர்செனிக் இருந்து, 74 பேருக்கு நச்சுப் பாதிப்பு வந்ததை 1975-இல் அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். தோல் கறுத்து, உள்ளங்கை தடித்து, சிலருக்குப் புற்றே வந்தது. புற்றைத் தணிக்கும் அதே பொருள்.

திரும்பவும் கலவை

மூன்று சரக்கிலிருந்து ஒன்றுக்கு வந்தது ஹார்பின். இன்னொரு குழு எதிர்த் திசையில் நடந்தது. தாலியன் நகரத்தில் ராணுவ மருத்துவமனை ஒன்றில் இருந்த ஹுவாங் ஷீலின், ஊசிக்குப் பதிலாக மாத்திரை செய்தார். வெள்ளைப் பாஷாணத்தை விட்டுவிட்டு, நீரில் பறக்கவிட்ட பழைய மனோசிலையையே எடுத்தார். அதோடு நீலச் சாயத்தூள். நம் அவுரியிலிருந்து வரும் அதே நீலம்தான், செடி மட்டும் வேறு. அப்புறம் தான்ஷென் என்ற செங்கிழங்கு வேரும், தைஸிஷென் என்ற இன்னொரு வேரும். கல் ஒன்று, செடி மூன்று.

சீன மருந்துக் கலவையில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பதவி உண்டு: அரசர், அமைச்சர், உதவியாளர், தூதர். கேட்கும்போது கொஞ்சம் நாடகத்தனமாக இருக்கும். 2008-இல் சென் சூ குழுவினர் இந்த மாத்திரையின் முக்கியப் பொருட்களைத் தனித்தனியாகவும் சேர்த்தும் அணுக்களிலும் எலிகளிலும் கொடுத்துப் பார்த்தார்கள். மனோசிலைதான் அரசர், அந்தப் புரதத்தை உடைப்பது அதுவே. நீலத்தூளிலும் செங்கிழங்கிலும் உள்ள பொருட்கள், அணுவின் சுவரில் ஆர்செனிக் நுழையும் வாசல்களை அதிகமாக்கின. அரசர் உள்ளே போக அமைச்சர்கள் கதவு திறக்கிறார்கள். ஹார்பினில் கூடவே வந்த இரண்டும் வெறும் சுமை. தாலியனில் கூடவே வந்தவை வேலைக்காரர்கள். எது எது என்று சோதிக்காமல் தெரிந்திருக்காது. 'சேர்ந்தால்தான் குணம்' என்பவர்களுக்கும் 'பிரித்தால்தான் அறிவியல்' என்பவர்களுக்கும் இரண்டு ஊரையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

2013-இல் வந்த ஒப்பீட்டில் 242 நோயாளிகள். நோயில்லாமல் இரண்டு ஆண்டுகள் கடந்தவர்கள், மாத்திரை எடுத்தவர்களில் 98.1 சதவீதம், ஊசி போட்டவர்களில் 95.5. மாத்திரை குறைந்ததல்ல என்பதுதான் இதன் பொருள், சிறந்தது என்பதல்ல. ஆனால் நோயாளிக்கு இது பெரிய விஷயம். வாரக் கணக்கில் நாள்தோறும் மணிக்கணக்கில் சொட்டு மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருப்பதற்குப் பதில், முதல் கட்டம் முடிந்ததும் வீட்டிலிருந்தே விழுங்கலாம்.

ஷிமென்

கடைசியாகக் கல் எடுத்த ஊர். ஹூனான் மாகாணத்தில் ஷிமென் என்ற இடத்து மனோசிலைச் சுரங்கம் ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் பெற்றது. நூற்றாண்டுகளாகத் தோண்டிய இடம். அங்கே கல்லைத் தோண்டி விற்றதோடு நிற்கவில்லை. உலை வைத்து, கல்லைச் சுட்டு, வெள்ளைப் பாஷாணம் எடுத்தார்கள். பல ஆண்டுகள் அந்தப் புகை வயல்களின்மேல் படிந்தது. உலைக்கழிவைக் குவித்துவைத்தார்கள், மழைநீர் அதைக் கரைத்து ஓடைக்குக் கொண்டு போனது. சுற்றியிருந்த கிராமத்தாருக்குத் தோலில் ஆர்செனிக் பாதிப்பு வந்தது, புற்றுநோயும் வந்தது. 2011-இல் சுரங்கத்தை மூடினார்கள். மருந்துக்கடையில் தீயும் நீரும் எந்த வேலையைச் செய்தனவோ, அதையேதான் மலையடிவாரத்திலும் செய்திருக்கின்றன. அங்கே வடித்த நீரைக் கொட்டத் தனிப் பாத்திரம் இருந்தது, இங்கே ஓடைதான் இருந்தது.